மௌனப்படமும் தினம் ஒரு பைக்கும்

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் என் குரலைக் கேட்காத காது கிடையாது. முகம்தான் யாருக்கும் தெரியாது. காலையில் உங்கள் தெருவில் ஒரு மினி வண்டி "கல்லு உப்பேய், கோலமாவேய்!" என்று கத்திக்கொண்டு போனால் அது நான். போர்வை விற்கிற வண்டி நான், கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிற வண்டி நான், மாம்பழ சீசனில் மாம்பழமும் நான். ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால், எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுப்பேன். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்கள் வீட்டு உப்பு ஜாடியிலும் என் வியாபாரம்தான் இருக்கிறது.

முத்தாபுதுப்பேட்டையில் அம்மாவும் நானும் கீழே இருக்கிறோம். மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு. அதில் இருப்பவள் தேனிப் பக்கத்துப் பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. சாயங்காலம் ரயிலில் வந்து ஸ்டேஷனில் இறங்கி, போனில் பைக் டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வருவாள். இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்து, ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, கேட்டைத் திறந்து மாடிக்குப் போவாள்.

இதைத் தினமும் எதிர் வீட்டு வாசலில் இருந்து பார்ப்பவர் மாவுக்கார அக்கா. இட்லி மாவு அரைத்து விற்கிறார். மாவு வாங்க வராத வீடு எங்கள் தெருவில் இல்லை என்பதால், அக்கா வீட்டு வாசலில் பேசப்படாத சேதியும் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். அம்மாவுக்குப் போனில் ஒரு நம்பர் தேடித் தரக்கூட அவர்தான் வேண்டும், ஏனென்றால் அம்மாவுக்கு அந்த வித்தை வராது, எனக்குப் பொறுமை கிடையாது.

ஒரு நாள் மாவு வாங்கப் போனபோது அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"உங்க மாடிப் பொண்ணு தினம் ஒரு பைக்ல வந்து எறங்குது, பாத்தியா? ஒரு நாளு தாடி வச்சவன். ஒரு நாளு கண்ணாடி போட்டவன். நேத்து இன்னான்னா, என் அண்ணன் வயசுல ஒருத்தன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, அது பைக் டாக்ஸி. ஆட்டோ மாதிரி. போன்ல கூப்ட்டா யார் பக்கத்துல கீறாங்களோ அவங்க வருவாங்க."

"யார்கிட்ட காது குத்துற? டாக்ஸின்னா மஞ்ச போர்டு இருக்கணும். இதுல வெள்ள போர்டு. மீட்டரும் இல்ல. சரி, டாக்ஸின்னே வச்சிக்கோ. எறங்கினா காசு குடுக்கணுமா, வேணாவா? இவ கைய ஆட்டிட்டு, சிரிச்சிக்கினு போறா."

காசு போனிலேயே போய்விடுகிறது என்றேன். "ஆமா, காத்துல போவுது" என்றார். நியாயமாகப் பார்த்தால் அவர் கண்ணில் தப்பில்லை. வெள்ளை போர்டு உண்மை, காசு கைமாறாதது உண்மை, சிரித்தது உண்மை. அவள் சிரித்துச் சொன்னது "தேங்க்ஸ்ண்ணா" என்பது மட்டும் தெருவைத் தாண்டி அவர் காதில் விழவில்லை. நானும் அதோடு விட்டுவிட்டேன். இந்தக் காலத்தில் இதைப் போய் யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு புது வேலை வந்தது. பட்டாபிராம் பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐ.டி. பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் படம் போடுகிறார்கள். சும்மா படம் இல்லை, உலகப் படம். இந்தத் தடவை ஒரு பழைய மௌனப்படம் எடுத்து வைத்திருந்தார்கள். நடுநடுவே எழுத்து அட்டை வரும், ஆனால் அது யாருக்கும் புரியாத ஏதோ ஒரு ஐரோப்பிய பாஷையில் இருந்தது. அந்தக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாராம், அதே போல ஒருவரை நிறுத்தலாம் என்று யாருக்கோ யோசனை. ஜன்னல் வழியாக உப்பு வண்டியைக் கேட்டவர்கள், உப்பு வண்டிக்காரரிடம் என் நம்பரை வாங்கிவிட்டார்கள்.

"வசனம் நாங்க எழுதித் தரணுமா மேடம்?" என்று கேட்டார்கள்.

"கதையை மட்டும் சொல்லுங்க. வசனத்தை நான் பாத்துக்குறேன்" என்றேன். எனக்கா எழுதித் தருவது?

படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினார்கள். ஒரு சின்ன ஊர். அதில் ஒரு தையல்காரப் பெண். மழையில் நனைந்துகொண்டு ஓடுகிறாள். ஒரு குதிரை வண்டி நிற்கிறது, உள்ளே தொப்பி போட்ட ஒரு ஆள். அவள் ஏறிக்கொள்கிறாள். எதிர் ஜன்னலில் ஒரு அம்மாள் அதைப் பார்க்கிறாள். அவ்வளவுதான், முடிந்தது கதை. மறுநாள் வேலை போகிறது, கட்டிக்கொள்ள இருந்தவன் மோதிரத்தைத் திருப்பிக் கேட்கிறான், மாதா கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தள்ளி உட்காருகிறார்கள். அந்தப் பெண் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஏதோ சொல்கிறாள். வாய் அசைகிறது. என்ன சொன்னாள் என்பதற்கு அட்டையே இல்லை. மற்றவர்கள் திட்டுவதற்கெல்லாம் அழகான பூ வரைந்த அட்டை இருக்கிறது. எனக்கு லேப்டாப்பை மூடிவிட்டு அந்த டைரக்டரைத் தேடிப் போகலாமா என்று கோபம் வந்தது. செத்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

படம் போடுகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், மாடிப் பெண்ணின் அப்பா வந்து நின்றார். கையில் மடித்த பெரிய பைகள், உள்ளே ஒன்றுமில்லை. ஊரில் இருந்து வரும்போதெல்லாம் முருங்கைக்காயும் தேங்காயுமாக வருகிற மனிதர். மேலே போனார், கொஞ்ச நேரத்தில் கீழே வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டார். மேலே அலமாரி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"சாப்டு நைனா. வெறும் வயித்தோட ஒக்காந்துகினு கீற" என்று அம்மா தட்டை வைத்தார்.

அவர் தட்டைத் தொடவில்லை. "ஊருக்கு ஒரு போன் வந்துச்சும்மா. யாரோ ஒரு பொம்பள. பேரு சொல்லல. பாவம் பொம்பளப் புள்ள, அதும் பேரு ரிப்பேர் ஆயிடுச்சு, வந்து இட்டுகினு போங்கன்னுச்சு. திருப்பிக் கூப்ட்டா எடுக்க மாட்டேங்குது. அதான் கூட்டிட்டுப் போயிரலாம்னு வந்தேன். ராத்திரி பஸ்ஸுல ரெண்டு பேருக்கும் இடம் போட்டாச்சு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பைக் டாக்ஸியைப் பற்றிச் சொன்னேன். என் போனை எடுத்து, அது எப்படி வருகிறது, வருகிறவன் பெயர் எங்கே தெரிகிறது என்று காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரியாத்தாம்மா இருக்கும். ஆனா ஒருத்தர் வாயில வந்தது நாளைக்கு ஊரு வாயில வரும். அவளுக்கு ஒரு எடம் பாக்கணும். நாங்க அங்கன இருந்துக்கிட்டு யார் யாருக்கு இதையெல்லாம் காட்டிக்கிட்டுத் திரியிறது?"

மாடிக்குப் போனேன். அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"இப்பத்தான்க்கா வேலைய நிரந்தரமாக்குனாக" என்றாள். "இப்ப விட்டுட்டுப் போனா திரும்பி வரவே முடியாது. அப்பா என்கிட்ட ஒண்ணுமே பேசல. பையை எடு, பையை எடுன்னுதான் சொல்றாரு."

எனக்குத் தெரிந்த ஒரே காரியம் பேசுவதுதான். ஆனால் அந்த வீட்டில் அப்போது என் பேச்சு எடுபடவில்லை. படத்துக்கு வேறு நேரமாகிவிட்டது. வருகிறேன் என்று சொன்னதை விட முடியாது. இருவரையும் விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. "பஸ்ஸுக்கு நேரம் கிடக்கே, எல்லாருமா வாங்க, நான் படத்துக்குக் கதை சொல்றேன்" என்றேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்தவர் வீட்டில் அழுகிற மகளோடு ராத்திரி வரை உட்கார்ந்திருப்பது அதைவிடக் கஷ்டம் என்று தோன்றியிருக்க வேண்டும். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அம்மா மாவுக்கார அக்காவையும் அழைத்துவந்துவிட்டார். வெளியே எங்கே போனாலும் அக்காவைக் கூட்டிப்போவது அம்மாவின் வழக்கம்.

ஹால் நிரம்பியிருந்தது. குடியிருப்புக்காரர்கள், தெருக்காரர்கள், குழந்தைகள். அம்மாவும் அக்காவும் முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில். அப்பாவும் மகளும் அவர்களுக்குப் பின்னால், நடுவில் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு. விளக்கை அணைத்தார்கள். திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றேன். வசனம் எதையும் எழுதி எடுத்துக்கொண்டு வரவில்லை. திரை ஓடினால் எனக்குப் பேச்சு வரும்.

மழைக் காட்சி வந்தது.

"பாருங்க, கொட்டுற மழை. ஆட்டோ கெடையாது, ஷேர் ஆட்டோ கெடையாது. அவ ஊட்டுக்குப் போவணும். வந்த வண்டியில ஏறிக்கினா. நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க? நனைஞ்சிக்கினே போவீங்களா?"

சிரித்தார்கள். நான் விடவில்லை.

"இதோ பாருங்க, ஜன்னல்ல ஒரு அம்மா. வண்டியப் பாத்துச்சு, ஆளப் பாத்துச்சு, அவ சிரிச்சதப் பாத்துச்சு. இன்னா பேசிக்கினாங்கன்னு அதுக்குக் கேட்டுச்சா? கேக்கல. நமக்குக் கேக்குதா? நமக்கும் கேக்கல. ஆனா நமக்கு இது மௌனப்படம்னு தெரியும். அந்த அம்மாவுக்கு அது தெர்ல, பாவம்."

ஹாலில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மாடிப் பெண்ணைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏற்கெனவே தெருவே பார்த்தவளை நானும் ஒரு தடவை திரையில் ஏற்றியது போல ஆகியிருக்கும். அந்த வேலையை நான் செய்யமாட்டேன்.

கதை ஓடியது. முதலாளி அவள் கையில் இருந்த துணியைப் பிடுங்கினான். மோதிரம் திரும்பிப் போனது. கோயிலில் எல்லாரும் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் தனியாக ஒரு பாலத்துக்கு மேல் வந்து நின்றாள், கீழே ஆறு போனது. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும்தான். முன் வரிசையில் இருந்து ஒரு விசும்பல் கேட்டது, அடுத்து சத்தமாகவே ஒரு குரல்.

"அய்யோ பாவம், பொம்பளப் புள்ள! அதும் பேரு ரிப்பேர் ஆயிடுச்சே!"

மாவுக்கார அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடிப்பு இல்லை, அந்த மனுஷி நிஜமாகவே அழுதார். அவருக்குப் பின்னால் இருந்த மனிதரின் தலை மெல்லத் திரும்பியது. நான் திரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன், கண் மட்டும் அவர் மேலேயே இருந்தது. அதற்குப் பிறகு அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. அக்காவின் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வண்டியில் வந்த ஆள் ஊருக்குத் திரும்பி வருகிறான். அவன் ஒரு டாக்டராம். அவளுடைய தங்கைக்குக் காய்ச்சல், அதைப் பார்க்கத்தான் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். கோயிலில் எழுந்து நின்று சொல்கிறான். உடனே ஊரே அவள் காலில் விழாத குறைதான். எனக்கு இந்த முடிவு அடியோடு பிடிக்கவில்லை.

"அவரு ஒரே ஒரு வாட்டி சொன்னாரு, எல்லாரும் நம்பிட்டாங்க. இவ எத்தினி வாட்டி சொன்னா? ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சி சொன்னாளே, அத்த யாராவது கேட்டாங்களா?" என்று மைக்கில் கேட்டுவிட்டு முடித்தேன். கை தட்டினார்கள். நன்றாகத்தான் சொன்னேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விளக்கைப் போட்டதும் மாடிப் பெண்ணின் அப்பா எழுந்து முன் வரிசைக்கு வந்தார்.

"அம்மா, ஊருக்குப் போன் போட்டது நீங்கதான?"

அக்கா திரும்பினார். அவர் எதைக் கேட்கிறார் என்று முதலில் புரியவில்லை. பின்னால் நிற்கிற பெண்ணைப் பார்த்ததும் புரிந்தது. மழுப்புவார் என்று நினைத்தேன்.

"ஆமாண்ணே, நான்தான்" என்றார். "எனக்கும் ஒரு பொண்ணு கீது. நல்லதுக்குதான் சொன்னேன்."

"எங்க நம்பரு உங்களுக்கு எப்படிக் கெடச்சுச்சு?"

அக்கா என் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "என் போன்லருந்து எடுத்தியா? அடிப்பாவி! உன்னாண்ட போனக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

அவர் அதைக் கவனிக்கவில்லை. "எம்மகளை அப்படிச் சொன்னீகளே. எதுத்த வீட்டுலதான இருக்கீக. 'இதென்ன தாயி, யாரு இவுக'ன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"கேக்கலண்ணே."

"ஒரு வார்த்தை?" அவர் குரல் உயர்ந்தது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். "போன் போட்டு ஊரு வரைக்கும் சொல்லத் தெரியிது. தெருவத் தாண்டிப் போயி ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா உங்களுக்கு?"

அக்கா குனிந்துகொண்டார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. இன்னும் நாலு கேளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். அதுவரை அவள் குரல் அந்த ஹாலில் கேட்கவே இல்லை.

"அவுக கேக்கல, சரி. நீங்க கேட்டீகளாப்பா?"

அவர் திரும்பினார்.

"போன் வந்ததும் பஸ்ஸுல எடம் போட்டீக. காலையில வந்ததும் பையை எடுன்னீக. கீழ்வீட்டு அக்காகிட்டப் பேசுனீக, அக்காவோட அம்மாகிட்டப் பேசுனீக, இப்ப இவுககிட்டப் பேசுறீக. என்கிட்ட என்ன கேட்டீக?"

நான் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் அவருக்காகவோ அவளுக்காகவோ நான் ஒன்று சொல்லியிருக்கலாம், நாலு வசனம் தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அதையும் சேர்க்க வேண்டும். மாவுக்கார அக்காதான் எழுந்து தன் நாற்காலியை அவருக்கு நகர்த்திவிட்டு, என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போனார்.

அவர் உட்கார்ந்தார். அப்புறம், இதுவரை வாழ்க்கையில் கேட்டே இராதவர் மாதிரி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீ அங்கன என்ன வேலை தாயி பாக்குற?"

அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை நடுவில் இடைவெளி விடவில்லை. "ஆஸ்பத்திரிக்கு ஒரு புரோகிராம் செய்றோம்ப்பா. டாக்டருக மருந்து எழுதுறதெல்லாம் கம்ப்யூட்டர்ல பதியும்ல, அதுக்கு. அத வெளிய விடுறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்குறது என் வேலை."

"எப்படிச் சோதிப்ப?"

"வேணும்னே தப்பா எழுதிப் போடுவேன். குழந்தைக்குப் பெரியவுக மருந்து, அந்த மாதிரி. இது தப்புன்னு அது கண்டுபிடிக்கிதா, இல்ல எழுதுனத அப்படியே நம்பிருதான்னு பாப்பேன்."

"நம்பிருச்சுன்னா?"

"திருப்பி அனுப்பிருவேன்ப்பா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் திரும்பிப் போறேன் தாயி" என்றார். "நீ இரு."